இலங்கை டால்பினுக்குக் கொம்பு உண்டு

— கேப்டன் காலை வெட்டுங்க.

— வெட்டணுமா?

— கணுக்காலோட வெட்டிருங்க. எந்த ஊருக் கப்பல்ல கேப்டன் வெறுங்காலோட நிக்கிறான்?

— மீனா, டெக்னிக்கலா பாத்தா கப்பல் தளம் ஈரமா இருக்கும். செருப்புப் போட்டா வழுக்கும். அவன் கழட்டிட்டு நிக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு.

— உங்க டெக்னிக்கலை நம்பித்தான் நான் இப்படித் தரையில உக்காந்து கத்தரிக்கோலைப் புடிச்சிட்டு இருக்கேன். வெட்டுங்க.

— வெட்டுறேன், வெட்டுறேன். பாவம் ஆசைத்தம்பி. கண்டனூர்ல நம்ம பூர்வீக வீட்டை இத்தனை வருசமாக் காவல் காத்தவன். ஒரு நாள் கேப்டன் ஆக்கினோம், இன்னைக்குக் காலை எடுத்துட்டோம்.

— போட்டோவுல அவன் சட்டைப் பாக்கெட்டைப் பாத்தீகளா? மஞ்ச நூல்ல என்னமோ எழுதியிருக்கு.

— எங்க, அந்தக் கண்ணாடியைக் குடு. ம்... "பேண்டு வாத்தியக் குழு, கல்லல்."

— சிவ சிவா.

— அவன் மச்சான் உடுப்பாம். கல்யாண ஊர்வலத்துல டிரம்பெட்டு ஊதுறவன். வெள்ளைக் கோட்டு, தோள்ல தங்கக் கயிறு, தொப்பி எல்லாம் சேர்ந்து கெடைச்சதே பெரிய விசயம். இதுல எழுத்தை வேற யாரு பாத்தா?

— சௌபர்ணிகா கண்டுபிடிச்சிருவா. அவ என் வயித்துல பொறந்தவ. அரிசியில கல்லைப் பாக்குற கண்ணு அவளுக்கு.

— அதுக்குத்தான் அவளே நங்கூரம் ஸ்டிக்கர் அனுப்பியிருக்காள்ல? அதுல ஒண்ணை எடு. பாக்கெட்டு மேல ஒட்டிட்டா கல்லலும் தெரியாது, பேண்டும் தெரியாது. பாரு, எம்புட்டு அழகா இருக்கு! நெசக் கேப்டனே தோத்துருவான்.

— நீக மொதல்ல வெரசா ஒட்டுங்க. ஆறு மணிக்கு அவ பெங்களூர்ல இருந்து வந்து எறங்கிருவா. மணி இப்பவே மூணு. ஆட்டோவை விட்டு எறங்கினதும் "ஆத்தா, ஆல்பம் எங்க?"ன்னுதான் கேப்பா. பெட்டி நிறைய பூ டேப்பு, கலர்ப் பேனா, மீன் ஸ்டிக்கருன்னு அனுப்பிச்சு வச்சு ஒரு வாரமாச்சு.

— எத்தனை பக்கம் ஆச்சு?

— ஒம்பது. இன்னும் பதினொண்ணு இருக்கு.

— ஆல்பம் நாப்பது பக்கம்ல?

— பாதிதான் ஒட்டணுமாம். நேத்து போன்ல சொன்னா. "ஆத்தா, இருபது பக்கத்தோட நிறுத்திக்கங்க, மிச்சத்தைத் தொடாதீங்க"ன்னா.

— எதுக்காம்?

— கேட்டேன். நேர்ல சொல்றேன்னுட்டா. அவ சின்னப் பிள்ளையிலயும் அப்படித்தானே, நோட்டுல பாதிதான் எழுதுவா.

— நல்லதாப் போச்சு. நாப்பது பக்கம் பொய் சொல்ல நம்மகிட்ட போட்டோ எங்க இருக்கு?

— பொய்யின்னு ஏன் இப்படிச் சத்தம் போட்டுச் சொல்றீக? எதுத்த வீட்டுல முத்தழகாச்சி இருக்காக. நம்ம செக்காலையில ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா போதும், கல்லுக்கட்டிக் கடைத்தெரு வரைக்கும் போயிரும்.

— சரி, சரி. அடுத்த போட்டோவைக் குடு.

— இந்தா. "நடுக்கடல், மாலை நேரம்."

— இது எந்த எடம்?

— என்னங்க கேக்குறீக, நீகதானே எடுத்தீக! கண்டனூர் ஊருணி. அக்கரை தெரியாம இருக்கணும்னு குனிஞ்சு குனிஞ்சு எடுத்தீகளே, எந்திரிக்க முடியாம ஆசைத்தம்பி வந்து தூக்கிவிட்டானே.

— ஆமால்ல. நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா கலரு சரியில்ல மீனா. கடல் இப்படிச் சாணிப் பச்சையா இருக்காது. இருபத்தெட்டு வருசமா பெயிண்டுக் கடை நடத்துறேன், என்கிட்ட கேளு. கடலுன்னா கலர் கார்டுல ஏழாவது வரிசை, மூணாவது கட்டம்.

— அதுக்கு?

— கார்டைக் கொண்டாந்திருக்கேன். நீலக் கட்டத்தை மட்டும் வெட்டி வெட்டி அலை மாதிரி மேல ஒட்டிரலாம். டெக்னிக்கலா பாத்தா இதுக்குப் பேரே ஸ்க்ராப் புக்குதான்.

— அலையெல்லாம் ஒட்டுங்க. இது என்னது, தண்ணிக்கு நடுவுல கருப்பா?

— எங்க?

— இந்தா, இங்குட்டு. முதுகு மாதிரி.

— அது... எருமை.

— எருமையா! பாத்து எடுக்கக்கூடாதா?

— நான் குனிஞ்சுட்டு இருந்தேன் மீனா! குனிஞ்சவனுக்கு எருமை எப்படித் தெரியும்? இரு, இரு, ஒரு யோசனை. கீழ "டால்பின்"னு எழுதிரு. முதுகு கருப்பு, தண்ணிக்குள்ள பாதி, வெளிய பாதி. சரியா வருது.

— ராசா, உங்களைக் கட்டிக்கிட்டு நான் இன்னும் என்னவெல்லாம் எழுதணுமோ. அந்த ஊதாப் பேனாவைக் குடுங்க.

— டால்பினுக்கு பக்கத்துல ரெண்டு மீனு ஸ்டிக்கரும் ஒட்டு. தொணைக்கு.

— ஒட்டியாச்சு. அடுத்தது நம்ம ரூம்பு. இதைப் பாத்தாத்தான் எனக்கே கப்பல்ல போன மாதிரி இருக்கு. அந்த வட்ட ஜன்னலு!

— சொன்னேன்ல? சல்லடைதான்னு சொன்னா யாரு நம்புவா? சலிக்கிற வலையை எடுத்துட்டு, பின்னாடி நீலக் காயிதத்தை வச்சு, சுவத்துல மாட்டினது என் மூளை. 

— உங்க மூளை சல்லடையிலதான் வேலை செய்யும். ஊஞ்சல்ல உக்காரவச்சு வீடியோ போன் பேசச் சொன்னதும் இதே மூளைதானே?

— அது சூப்பர் ஐடியா. கப்பல் ஆடுது பாருன்னு காட்டணும்ல? பின்னாடி நான் பைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். சௌபர்ணிகா கேட்டாளே, "அப்பச்சி, கடல் ரொம்பக் கொந்தளிப்பா?"ன்னு.

— பையவா ஆட்டினீக? எனக்கு நெசமாவே வாந்தி வந்திருச்சு! கண்டனூர் வீட்டுல ஒளிஞ்சு கெடந்த அஞ்சு நாள்ல அது ஒண்ணுதான் நெசம்.

— அதுக்கும் அவ என்ன சொன்னா? "ஆத்தாவுக்கு கடல் மயக்கம், எலுமிச்சம்பழம் குடுங்க"ன்னா. எம்புட்டு நம்பியிருக்கா பாரு.

— அதுதான் எனக்குத் தாங்கல. ரெண்டாவது நாளே "கேப்டனைக் காட்டுங்க"ன்னு அவ கேட்டப்ப, நீக ஆசைத்தம்பியைக் கூட்டியாந்து நிப்பாட்டினீக. அவன் வாயி நிறைய வெத்தலை. பேசச் சொன்னா, தலையை மட்டும் ஆட்டுறான்.

— கேப்டனுக்குத் தமிழ் தெரியாதுன்னு சொல்லி சமாளிச்சேன்ல?

— பிள்ளை "வணக்கம் கேப்டன்"னு கும்பிட்டுச்சுங்க. ஆசைத்தம்பியைக் கும்பிட்டுச்சு. பெத்த பிள்ளைகிட்ட இப்படியா விளையாடுறது?

— மீனா, கண்ணைத் தொடை. பசை மேல தண்ணி பட்டா ஒட்டாது.

— போங்க அங்குட்டு. உங்களுக்குப் பசைதான் பெருசு.

— அப்படி இல்ல...

— உங்களுக்கு வெளங்காது. எங்க வீட்டுல கப்பல்ல போகாத ஆம்பளை யாரு? எங்க ஐயா ரங்கூன் போனாக, பெரிய ஐயா பினாங்கு போனாக, சித்தப்பா சைகோன் போனாக. பொம்பளைக எல்லாம் வாசல் வரைக்கும் வந்து கையாட்டிட்டு அடுப்படிக்குத் திரும்பினவுகதான். ஒருத்தி கப்பல்ல கால் வச்சதில்ல. அவ டிக்கெட்டை அனுப்பிட்டு என்ன சொன்னா தெரியுமா? "ஆத்தா, நம்ம வீட்டுல நீங்கதான் மொதல் ஆளு"ன்னா. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

— தெரியும்.

— என்ன தெரியும்? துறைமுகத்துல நீக ஓடி ஓடிப் பையைத் தேடுறீக. நான் அந்த கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு கப்பலைப் பாத்தேன். அம்புட்டு ஒசரம். வெள்ளை வெளேர்னு. மேல யாரோ ஒரு அம்மா எங்குட்டோ பாத்துக் கையாட்டுச்சு. எனக்கு இல்லதான். ஆனா நானும் ஆட்டினேன். வாசல்ல நின்னு கையாட்டுறதுதான் என் தலையிலயும் எழுதியிருக்குன்னு அழுகை அழுகையா வந்துச்சு.

— மீனா...

— அந்தத் திருடன் நல்லா இருப்பானா? ரயில்ல வந்து பாஸ்போர்ட்டுப் பையை எடுத்துட்டுப் போனானே, கட்டம் போட்ட சட்டைக்காரன், அவன் உருப்படுவானா?

— திட்டாத. பாவம், அவனுக்கும் புள்ளை குட்டி இருக்கும்.

— திருடனுக்குப் பரிஞ்சு பேசுற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்! சரி, விடுங்க. மொதப் பக்கம் இன்னும் காலியாக் கெடக்கு. நாம கெளம்பின போட்டோவை ஒட்டிரலாம். இந்த ஆல்பத்துல அது ஒண்ணாவது நெசமான போட்டோவா இருக்கட்டும்.

— எந்தப் போட்டோ?

— அதாங்க, விடியக்காலை நாலரை மணிக்கு கேட்டு வாசல்ல நின்னமே. பால்காரன் முத்தரசு எடுத்துக் குடுத்தானே, என் போன்ல.

— அதை எதுக்கு? இருட்டா இருக்கும். எருமையை விட இருட்டா இருக்கும்.

— பளிச்சுன்னு இருக்கு. பிரிண்டு போட்டு வச்சிருக்கேன், இந்தா பாருங்க. நான் அரக்குச் சேலை. நீக சிரிக்கிறீக. பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, பலகாரத் தூக்கு, தோள்ல ஒரு பை...

— அழகா இருக்க மீனா. ஒட்டிரு.

— இருங்க. நீலப் பை எங்க?

— எந்த நீலப் பை?

— பாஸ்போர்ட்டு வச்சிருந்த நீலப் பை. அதைத்தானே ரயில்ல திருடன் எடுத்தான்னீக. வாசல்லயே அது இல்லையே.

— பின்னாடி இருக்கும்.

— பின்னாடி முத்தழகாச்சி வீட்டுச் சுவருதான் இருக்கு. என்னைப் பாருங்க. கத்தரிக்கோலைக் கீழ வச்சுட்டு என்னைப் பாருங்க.

— பாக்குறேன்.

— நீலப் பை எங்க போச்சு?

— டெக்னிக்கலா பாத்தா...

— அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னீகன்னா இந்தப் பசையை உங்க மீசையில ஊத்திருவேன்.

— சொல்லிர்றேன். நீ கத்தக்கூடாது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது, நாம போறது வடக்கேன்னு நீ சொன்னியா?

— சொன்னேன். அதனால திங்கக்கிழமை சாயங்காலம் நல்ல நேரத்துலயே நம்ம பையில ஒண்ணை முத்தழகாச்சி வீட்டுல பரஸ்தானமா வச்சுட்டு வாங்கன்னேன். பை முன்னாடியே வீட்டை விட்டுக் கெளம்பிட்டா நாமளும் கெளம்பின மாதிரின்னு. காலையில போறப்ப எடுத்துக்கலாம்னு. நீகளும் ரெண்டு துண்டை ஒரு பையில போட்டு வச்சுட்டு வந்தீக. விடியக்காலையில அவுகளை எழுப்ப வேணாம், துண்டுதானே, கெடக்கட்டும்னு நீகதான் சொன்னீக.

— ஆமா. துண்டுதானேன்னு நெனச்சுட்டேன்.

— அப்படின்னா?

— துண்டுக்கு அடியில பாஸ்போர்ட்டு இருந்துச்சு.

— பாஸ்போர்ட்டையா அங்க வச்சீக?

— நல்ல எண்ணத்துலதான் வச்சேன். வெறும் துண்டை வச்சா மறந்துருவோம். முக்கியமானதை வச்சாத்தான் மறக்காம எடுப்போம்னு யோசிச்சு, ராவு பகலா யோசிச்சு வச்சேன்.

— மறந்துட்டீக.

— மறந்துட்டேன். ரயில் விழுப்புரம் தாண்டினப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. உன்னைப் பாத்தேன். ஜன்னலோரமா உக்காந்து கப்பல் படத்தை போன்ல பாத்துக்கிட்டு இருந்த. சொல்ல வாய் வரல.

— அப்ப கட்டம் போட்ட சட்டை?

— அந்தாளு பாவம், விருத்தாசலத்துல முறுக்கு வாங்கித் தின்னுட்டுப் போனவன். வேற ஒண்ணும் பண்ணல.

— அவனைப் பதினஞ்சு நாளா நான் விளக்கேத்தி வச்சுச் சபிச்சிருக்கேன்!

— எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாபமும் எனக்குத்தான்னு வாங்கிக்கிட்டேன். இடுப்பு புடிச்சது கூட அதனாலதான்.

— சிரிக்க வைக்காதீக. நான் கோவத்துல இருக்கேன்.

— இரு. நல்லா இரு. நான் பண்ணினது தப்புத்தான். திருடன்னு சொன்னது அதைவிடத் தப்பு. உன் ஆசையில மண்ணைப் போட்டுட்டேன்னு தெரிஞ்சு எனக்கும் அந்த அஞ்சு நாளா சோறு எறங்கல.

— ஆசைத்தம்பி பொண்டாட்டி சுட்ட கந்தரப்பம் மட்டும் எறங்குச்சோ?

— அது நீ கப்பல் சாப்பாடு போட்டோவுக்காகத் திங்கச் சொன்னது.

— ஒண்ணு சொல்லுங்க. நாம திரும்பி வந்து பத்து நாளாச்சே. அந்தப் பை எங்க?

— அங்கதான் இருக்கும். முத்தழகாச்சி வீட்டுச் சாமி ரூம்புல.

— போயி எடுத்துட்டு வரலையா?

— எப்படிப் போவேன்? "நல்லபடியாப் போயிட்டு வந்தீகளா"ம்பாக. அந்தப் பையைக் குடுங்கன்னு கேட்டா, தொறந்து பாப்பாக. பாஸ்போர்ட்டு இங்க கெடந்தா நீக எதைக் காட்டி இலங்கைக்குப் போனீகன்னு கேப்பாக. அதான் எதுத்த பக்கமே பாக்காம கடைக்குப் போறேன், கடையிலேருந்து வர்றேன்.

— பத்து நாளா நீக குடையை விரிச்சுக்கிட்டு நடந்தது அதுக்குத்தானா! நான் வெயிலுன்னுல்ல நெனச்சேன்.

— பரஸ்தானப் பையை யாரும் தொறக்க மாட்டாக மீனா. அது ஒரு மரியாதை. ஆச்சி தொறந்திருக்க மாட்டாக.

— முத்தழகாச்சியா? தபால்காரன் அடுத்த வீட்டுக்குக் குடுக்குற கவரையே வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குறவுக!

— மீனா! கதவு தொறந்து கெடக்கே, வரலாமா?

— போச்சு. அவுகளேதான். ஆல்பத்தை மூடுங்க!

— பசை காயலையே, மூடினா கேப்டன் டால்பினோட ஒட்டிக்குவான்!

— வாங்க ஆச்சி, வாங்க. உக்காருங்க. காபி போடவா?

— காபியெல்லாம் வேணாம் மீனா. பிள்ளை இன்னைக்கு வருதாமே, பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். என்ன தம்பி, தரையெல்லாம் காயிதமாக் கெடக்கு? நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன். என்னது இது?

— கப்பல் ஆல்பம் ஆச்சி. சும்மா, பிள்ளை கேட்டுச்சுன்னு.

— அட, காட்டுங்க. நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன், பாத்துட்டுக் குடுத்துர்றேன். இது யாரு, பெரிய ஆபீசரா?

— கேப்டன் ஆச்சி.

— எங்கயோ பாத்த முகமா இருக்கே.

— கேப்டனுக எல்லாருமே அப்படித்தான் ஆச்சி. மீசை வச்சிருப்பாக.

— காலைக் காணோம்?

— போட்டோவுல அம்புட்டுத்தான் விழுந்துச்சு.

— பக்கத்துல நிக்கிற உங்க ரெண்டு பேரு காலும் விழுந்திருக்கே தம்பி.

— அவரு... ஒசரமானவரு ஆச்சி. ஒசரமானவுகளுக்குக் காலு வெளிய போயிரும்.

— ஓகோ. இது சாப்பாட்டு எடமா? எம்புட்டுப் பெரிய தூணு! ஒரு ஆளு கட்டிப் புடிக்க முடியாது போலயே. கப்பல்ல எதுக்கு இம்புட்டுத் தேக்குத் தூணு?

— மேல் மாடியைத் தாங்கணும்ல ஆச்சி.

— தட்டுல இருக்கிறது கந்தரப்பம் மாதிரி இருக்கு.

— அது கேக்கு ஆச்சி. இலங்கைக் கேக்கு. மேல பாருங்க, செர்ரிப் பழம்.

— நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன். கடலுக்கு நடுவுல இது என்ன?

— டால்பின்!

— டால்பினுக்குக் கொம்பு இருக்கே தம்பி.

— இருக்கும் ஆச்சி. இலங்கை டால்பினுக்குக் கொம்பு உண்டு. நம்ம பக்கத்து டால்பினுக்குத்தான் இருக்காது.

— பக்கத்துல ஒரு வெள்ளைக் கொக்கு வேற உக்காந்திருக்கு.

— டால்பினுக்கும் கொக்குக்கும் ரொம்பப் பழக்கம் ஆச்சி, அங்குட்டு.

— நல்லா இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு. ஏன் மீனா, நீ ஒண்ணுமே பேச மாட்டேங்குற? தம்பி சொல்றது இருக்கட்டும், நீ சொல்லு. கப்பல் எப்படி இருந்துச்சு?

— வெள்ளையா இருந்துச்சு ஆச்சி.

— ம்.

— ஒசரமா இருந்துச்சு. நிமிந்து பாத்தா கழுத்து வலிக்குற ஒசரம். சின்னச் சின்ன ஜன்னலா எண்ண முடியாம இருந்துச்சு. கெளம்புறப்ப ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, நெஞ்சுக்குள்ள அப்படியே அதிர்ந்துச்சு. அப்புறம் பைய நகந்து, பைய நகந்து, போயிருச்சு.

— போயிருச்சுன்னா? நீ உள்ளதானே இருந்த?

— இல்ல ஆச்சி.

— மீனா!

— இருங்க, நான் சொல்லிர்றேன். என்னால முடியல. நாங்க போகல ஆச்சி. நான் கேட்டுக்கு வெளிய நின்னேன். இது கேப்டன் இல்ல, ஆசைத்தம்பி. இது கடல் இல்ல, கண்டனூர் ஊருணி. ஜன்னலு சல்லடை. டால்பினு எருமை.

— கொக்கு மட்டும் கொக்குதான் ஆச்சி.

— நீக சும்மா இருங்க! ஆச்சி, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். ஊருல யாருகிட்டயும் சொல்லுங்க, பரவால்ல, சிரிச்சுட்டுப் போகட்டும். சௌபர்ணிகாகிட்ட மட்டும் சொல்லிறாதீக. பிள்ளை ஆசை ஆசையா அனுப்புச்சு. மனசு ஒடஞ்சு போயிரும்.

— சொல்லாம எப்படி இருக்குறது மீனா?

— ஆச்சி, தயவுபண்ணி...

— நான் சொல்லியே பதினஞ்சு நாளாச்சே.

— என்னது?

— நீக கெளம்பின அன்னைக்குக் காலையில பத்து மணிக்குச் சாமி ரூம்பு கூட்டப் போனேன். பாத்தா பரஸ்தானப் பை அங்கேயே கெடக்கு. நான் அடுத்தவுக பையைத் தொறக்குற ஆளு இல்ல. சும்மா மேலாக்கத் துண்டைத் தூக்கிப் பாத்தேன். ரெண்டு பாஸ்போர்ட்டு. உங்க ரெண்டு பேருக்கும் போன் போட்டேன். லைன் கெடைக்கல. பதறிப்போயி பிள்ளைக்குப் போட்டேன்.

— அப்ப அன்னைக்கு சாயங்காலம் அவ எனக்குப் போன் பண்ணி, "அப்பச்சி, கப்பல் ஏறிட்டீங்களா"ன்னு கேட்டாளே?

— நீக என்ன சொன்னீக தம்பி?

— "ஏறிட்டோம்மா, ரூம்பு பிரமாதம்"னேன்.

— அதைக் கேட்டுட்டுத்தான் எனக்குப் போட்டா. சிரிச்சா. "ஆச்சி, நான் வருத்தப்படுவேன்னுதான் ரெண்டு பேரும் இப்படிச் சொல்றாங்க. பையைக் குடுத்துறாதீங்க, எங்க வரைக்கும் போறாங்கன்னு பாப்போம்"னா. அதான் பத்து நாளா நானும் ஒண்ணுங் கேக்கல. கேக்காம இருக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

— அப்ப கேப்டனைக் காட்டச் சொன்னது...

— பேண்டு செட்டு உடுப்பைப் பாத்துட்டு, ஆபீசுல மேசைக்கு அடியில குனிஞ்சு சிரிச்சாளாம். கூட வேலை பாக்குறவுக எல்லாம் ஓடி வந்துட்டாகளாம்.

— நான் இனிமே பெங்களூர் பக்கமே போக மாட்டேன்.

— ஆச்சி, அவளுக்குக் கோவம் இல்லையா? வருத்தம் இல்லையா?

— வருத்தம் இருந்துச்சு. நீ ஊஞ்சல்ல வாந்தி எடுத்துக்கிட்டே "கடல் ரொம்ப அழகா இருக்குடா"ன்னு சொன்னியாம்ல, அன்னைக்குத்தான் அழுதிருக்கா. இந்தா, உன் நீலப் பை. துண்டைத் தொவைச்சு வச்சிருக்கேன்.

— எல்லாந் தெரிஞ்சுமா ஆல்பம் வேணும்னு கேட்டா? இதைக் கிழிச்சுப் போட்டுறவா ஆச்சி?

— கிழிச்சுராத! இது மொத பாதி. அவளுக்கு இது கண்டிப்பா வேணுமாம், எருமையோட.

— மொத பாதின்னா?

— மிச்ச இருபது பக்கத்தை எதுக்குக் காலியா விடச் சொன்னான்னு இன்னுமா வெளங்கல மீனா? அடுத்த மாசம் பத்தாந் தேதி கப்பல், இந்தத் தடவை எனக்கும் சேத்து மூணு டிக்கெட்டு. பாஸ்போர்ட்டுப் பையை நாந்தான் தூக்கிட்டு வரணும்னு உன் மக கண்டிசன் போட்டுட்டா!